முன்னாடி இன்னா அரைச்சீங்க?

முதல் நாளே அவரோடு எனக்குச் சண்டை வந்திருக்க வேண்டியது. மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு. நான் வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். கூலிக்குப் புதிதாக வந்திருந்த அந்தப் பெண்மணி எண்ணெய்ச் சட்டி ஓரம் போய் நின்றார். மோந்து பார்த்தார். தலைமைச் சமையல்காரரைப் பார்த்து, "இந்த எண்ணெயில முன்னாடி இன்னா சுட்டீங்க?" என்றார். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா அது? "அப்பளம் சுட்டோம், பூரி சுட்டோம், அடுத்து உன்னைத்தான் சுடப் போறோம்" என்றார் சமையல்காரர். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. "பூரி சுட்டதுன்னா அடியில மாவு கருகிக் கெடக்கும். வடை கசந்து போவும். வடிகட்டிட்டுப் போடலாம்" என்று சொல்லிக்கொண்டே துணி தேடப் போய்விட்டார். இவள் வேலையைப் பார்க்க விடமாட்டாள் போலிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்றைக்கு வடை நன்றாகத்தான் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் நாங்கள் இருவரும் சேர்ந்தே ஆர்டர் எடுத்துச் செய்ய ஆரம்பித்தோம். வளைகாப்பு, பிறந்தநாள், ஆபீஸ் பார்ட்டி என்று சின்னச் சின்ன விசேஷங்களுக்கு ஸ்டார்ட்டர்ஸ் மட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் தட்டில் வைத்துச் சுற்றி வருகிறோமே, அந்த அயிட்டங்கள். பிரியாணியை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். போன் பேசுவது, வாட்ஸ்அப்பில் போட்டோ போடுவது, பார்ட்டிக்காரர்களிடம் பல்லைக் காட்டுவது எல்லாம் நான். சமையல் அவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. இப்போது ஆவடிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே பால்காரனிடம் என்னென்ன கேட்டு உயிரை வாங்குகிறாரோ.

கேட்பார். எதையும் கேட்பார். மாவு மில்லில் நின்றால், "முன்னாடி இன்னா அரைச்சீங்க?" கறிக்கடையில் நின்றால், "இந்தக் கட்டையில முன்னாடி இன்னா வெட்டுனீங்க?" வாடகைக்கு அண்டா எடுத்தால், போன விசேஷத்தில் அதில் என்ன கிண்டினார்கள் என்று அந்தக் கடைக்காரனுக்கு ஞாபகம் வரும்வரை விடமாட்டார். ஒருமுறை வானூரில் ஆர்டர், சாயங்காலம் ஆறு மணிக்குத் தட்டு நீட்ட வேண்டும், நேரமோ நாலரை. குட்டி யானை வண்டி வந்து நிற்கிறது. "முன்னாடி இன்னாப்பா ஏத்துனே?" என்றார். "கருவாடுக்கா. ஆனா தொடச்சிட்டேன்" என்றான் டிரைவர். அவ்வளவுதான். வண்டியைத் தெருக்குழாய்க்கு விட்டு, இவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டார். நான் போனில் பார்ட்டியிடம் "வந்துட்டே இருக்கோம் சார், கோட்டக்குப்பம் தாண்டிட்டோம்" என்று வாய் கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். வானூருக்கும் கோட்டக்குப்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டார். பொய் எனக்கு வாயில் தயாராகவே இருக்கும், யோசித்துச் சொல்லத்தான் வராது.

என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "நல்லவேளை, உன் வீட்டுலேர்ந்து என்னை மாப்பிள்ளை பாக்க அந்தம்மா வரல. இதுக்கு முன்னாடி யார் யாரைப் பாத்தேன்னு கேட்டிருக்கும்" என்பார். ஆனால் ஆட்களின் பழங்கதையை அக்கா கேட்டதே இல்லை. எங்களோடு பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அவளைப் பற்றி ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. புருஷனை விட்டுவிட்டு யாரோடோ போனாள், திரும்பி வந்தாள் என்று. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வெங்காயம் உரித்தபடி ஆரம்பித்தேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "அவ முன்னாடி இன்னா பண்ணா எனக்கு எதுக்கு? இப்ப கை கழுவுனாளா, அதைப் பாரு" என்றார். அந்தப் பெண் கழுவியிருந்தாள். கதை அதோடு நின்றுபோனது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். உப்பளத்தில் பத்து வருடம் உப்பு வாரியவர் அவர். மழைக்காலத்தில் அங்கே வேலை இருக்காது, அப்போதுதான் சமையலுக்குப் போக ஆரம்பித்தாராம். "பாத்தியில முன்னாடி இன்னா தண்ணி நின்னுதோ அதுக்குத் தக்கத்தாம்மா உப்பு. கடைசித் தண்ணிய வடிக்காம விட்டா உப்பு கசக்கும். வெள்ளையாத்தான் இருக்கும், ஆனா கசக்கும்" என்றார். சொல்லிவிட்டு இறால் தலையைக் கிள்ளப் போய்விட்டார். இதற்குமேல் தன்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

கீழ்புத்துப்பட்டு ஆர்டர் வந்தது ஒரு மாசி மாதம். ரோட்டை ஒட்டிய வீடு, புதிதாக மாடி கட்டியிருந்தார்கள். அதற்கு ஒரு விருந்து, நாற்பது பேர். அந்த வீட்டம்மா வானூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். போனில் பேசாமல் எங்களை நேரில் வரச் சொன்னார். போனோம். டீச்சருக்குப் பதினோரு வயதில் ஒரு மகள், தர்ஷினி. அவளுக்குக் கோதுமை ஆகாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எது உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். அதில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். மருந்தே கிடையாது, தொடாமல் இருப்பதுதான் மருந்து என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

"ஒரு துளி பட்டாக்கூட ரெண்டு நாளைக்கு வாந்தி, வயித்துவலி. துடிச்சிப் போயிடுவா" என்றார் டீச்சர்.

"ஒரு துளின்னா எவ்ளோ டீச்சர்?" என்று அக்கா கேட்டார்.

டீச்சர் கட்டைவிரல் நகத்தின் நுனியைக் காட்டினார். அக்கா அந்த நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத வியாதி, படித்தவர்கள் வீட்டுக்கென்று கண்டுபிடித்த வியாதி என்பது என் கணக்கு. அப்படித்தான் நினைத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

"விசேஷத்துக்குப் போனா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கறா. தட்டை நீட்டறவங்க கிட்ட இது எனக்காங்கன்னு கேப்பா. தனி டப்பாவுல நான் கொண்டு போனதைத்தான் ஒரு மூலையில உக்காந்து சாப்பிடுவா" என்றார் டீச்சர். "எங்க வீட்டு விருந்துலயாவது அவ எந்தத் தட்டுலயும் கையை வைக்கலாம்னு இருக்கணும். அவளுக்குன்னு தனித் தட்டு வேணாம். எல்லாத் தட்டும் அவ தட்டா இருக்கணும்." அக்கா கதவோரம் நின்ற தர்ஷினியைக் கூப்பிட்டார்.

"உனக்கு இன்னா வேணும் கண்ணு?"

அது அம்மாவைப் பார்த்தது. பிறகு, "சமோசா" என்றது.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவசரமாக, "அதுக்கு மைதா இல்லாம முடியாதும்மா. வேற சொல்லு, ஆன்ட்டி சூப்பரா..." என்று இழுத்தேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். "பாக்கலாம்" என்றார்.

பத்து நாள் பார்த்தார். அரிசி மாவை வெந்நீர் விட்டுப் பிசைந்தால் உருட்டும்போது விண்டுபோயிற்று. எண்ணெயில் போட்டால் வாயைப் பிளந்து பூரணத்தைத் துப்பிற்று. உடைந்ததையெல்லாம் என் வீட்டுக்காரர் தின்று தீர்த்தார். மூன்றாவது முறை ஊறவைத்த ஜவ்வரிசியைக் கூழாகக் காய்ச்சி, அதில் அரிசி மாவைப் பிசைந்தார். மாவு வளைந்து கொடுத்தது. உள்ளே பொடி இறாலும் வெங்காயமும். எண்ணெயிலிருந்து பொன்னிறமாக மேலே வந்தபோது முதல் ஆளாக நான்தான் போட்டோ எடுத்தேன்.

மற்ற அயிட்டங்களையும் கணக்காகத் தேர்ந்தெடுத்தார். அரிசி மாவு தூவிய நெத்திலி வறுவல், வாழைப்பூ வடை, காரக் கொழுக்கட்டை, மரவள்ளிக் கிழங்கு சிப்ஸ், குச்சியில் கோத்த மினி இட்லி. நல்ல லிஸ்ட். கோபி சிக்ஸ்டிஃபைவ் இல்லாமல் ஒரு பார்ட்டியா என்று நான் கேட்டதற்கு, "அதுல போடற சாஸுல கோதுமை இருக்குதாம், டீச்சரு சொன்னாங்க" என்று மறுத்துவிட்டார். புதுச் சட்டி, புது எண்ணெய், புதுக் கரண்டி. பரோட்டா திருப்பிய வீட்டுக் கரண்டி எதுவும் கலந்துவிடக் கூடாது என்று எங்கள் கரண்டிகளின் காம்பில் சிவப்பு நூல் கட்டினார். விருந்தன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் உதவிக்கு வந்தால் அடுப்படிக்குள் விடவேண்டாம், ஹாலில் உட்கார்த்திப் பேச்சுக் கொடுங்கள் என்று டீச்சரிடம் சொல்லி வைத்தார். சப்பாத்தி பிசைந்த கையோடு யாராவது வருவார்கள் என்ற பயம் அவருக்கு.

மாவு மட்டும் மில்லில்தான் அரைக்க வேண்டும். அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். நமக்கு வேண்டிய அரிசியோடு ஒரு படி அரிசி கூடுதலாகக் கொண்டுபோவது. அந்த ஒரு படியை முதலில் போட்டு ஓட்டி, மில்லின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய மாவையெல்லாம் துடைத்து வெளியே தள்ளிவிடுவது. அதற்குக் கழுவுற அரிசி என்று பேர் வைத்திருந்தார். அந்த மாவு மாட்டுக்கு. அதன் பிறகுதான் நம் அரிசி. பத்து நாள் சோதனைக்கும் அவரே போய் அப்படித்தான் அரைத்து வந்தார்.

விருந்தன்று காலையில் அவர் இறால் வாங்க மீனவர் குப்பத்துக்குப் போக வேண்டியிருந்தது. "நீ மில்லுக்குப் போயிடு. கழுவுற அரிசி தனிப் பையில இருக்குது, மறந்துடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மறக்கவில்லை. வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனேன். ஒரு படி நல்ல பச்சரிசியை மாட்டுக்குப் போடுவதா? கழுவுற அரிசிப் பையை எடுத்து என் வீட்டு டப்பாவில் கொட்டினேன். ஒரு வாரப் பணியாரத்துக்கு ஆகும்.

மில்லில் எனக்கு முன்னால் ஒரு அம்மா மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரே தும்மிக்கொண்டிருந்தது. மில்காரர் தெரிந்தவர், நல்ல மனுஷன். என் வாய் சும்மா இருக்குமா, இது சாதாரண மாவில்லை, உடம்பு சரியில்லாத ஒரு குழந்தைக்கு என்று அவரிடம் அளந்துவிட்டேன்.

"அய்யோ, கொழந்தைக்கா? மொளகா ஏறிடுமேம்மா. இருங்க, நான் மில்லைச் சுத்தம் பண்ணித் தர்றேன்" என்றார். எந்த மில்லிலும் மிளகாய்க்குப் பிறகு அப்படித்தான் செய்வார்கள். பக்கத்து மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளி மேலே போட்டு ஓட்டினார். சிவப்பாக ஒரு மாவு வந்து விழுந்தது. மில் வாயில் கட்டியிருந்த துணிப்பையைத் தட்டிவிட்டார். "இப்ப போடுங்க, காரம் ஒரு துளி இருக்காது" என்றார் சந்தோஷமாக.

அவர் அள்ளியது கோதுமை. நான் பார்த்தேன். கழுவுற அரிசி கையில் இருந்திருந்தால் அதைப் போட்டு ஓட்டியிருக்கலாம். அது வீட்டு டப்பாவில் இருந்தது. திரும்பிப் போய் எடுத்துவர முக்கால் மணி நேரம் ஆகும், வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். இரண்டு கைதானே, அதுவும் வெளியே வந்துவிட்டதே, அந்த டீச்சரம்மா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டு அரிசியைக் கொட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார். கேட்காமல் இருப்பாரா?

"முன்னாடி இன்னா அரைச்சாங்க?"

"அரிசிதான்க்கா."

"கழுவுற அரிசி போட்டியா?"

"போட்டேன்."

என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மாவைச் சலிக்க உட்கார்ந்தார். கருவாட்டு வண்டிக்காரனை நம்பாதவர் என்னை நம்பினார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாடியில் சீரியல் லைட் போட்டிருந்தார்கள். நான் நெத்திலித் தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தேன். தர்ஷினி நீலப் பாவாடையில் படிக்கட்டு ஓரம் நின்றாள். கை வழக்கம்போலப் பின்னால். அக்கா சமோசாத் தட்டை எடுத்துக்கொண்டு நேரே அவளிடம்தான் முதலில் போனார்.

"இது எனக்காங்க?"

"இங்க இருக்கறது எல்லாமே உனக்குத்தான் கண்ணு. எடு."

ஒன்றை எடுத்தாள். உதட்டில் வைத்துச் சூடு பார்த்தாள். கடித்தபோது மொறுமொறுவென்ற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தக் குழந்தை சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டு டீச்சர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். நானோ, "நெத்திலி எடுத்துக்கோங்க சார்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எல்லாத் தட்டிலும் கை வைத்தாள். வந்திருந்த பிள்ளைகளோடு ஓடி ஓடிச் சாப்பிட்டாள். சமோசாவுக்கு மட்டும் நாலு தடவை திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை டீச்சர் போன். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அவர் மட்டும் பஸ் ஏறிப் போனார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து டீச்சர் அவரைக் கிழி கிழியென்று கிழித்ததாகப் பிற்பாடு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "தப்பு என் சமையல்லதான் நடந்திருக்குது டீச்சர். எங்கன்னு தெரியல. கண்டுபிடிச்சிட்டு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

வந்தவர் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். மிளகாய்த்தூள் பாக்கெட், எண்ணெய் டின், உப்பு, புளி, ஜவ்வரிசி என்று எல்லாவற்றையும் என் முன்னால் பரப்பி வைத்தார். லேபிளில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ், நான்தான் படிக்க வேண்டும். மூன்று நாள் படித்தேன். ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இதுல இல்லக்கா" என்பேன். அவர் அடுத்ததை நீட்டுவார். ஒரு தடவை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில குப்பத்துக்குப் போற வழியில டீக்கடையில பன்னு தின்னேன். கை கழுவுனேன்னுதான் நெனைக்கறேன். நகத்துக்குள்ள இருந்திருக்குமோ?" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. செத்தால் உண்மையைச் சொல்ல வேண்டாம் பாருங்கள், அந்தக் கணக்குதான்.

விஷயம் ஊரில் பரவிற்று. எடுத்திருந்த இரண்டு ஆர்டரும் போயிற்று. வந்த ஒன்றையும் அவரே வேண்டாம் என்றார். "எங்க தப்புனோம்னு தெரியாம இன்னொருத்தங்க புள்ளைக்கு எப்படி ஆக்கிப் போடறது?" என்றார்.

பத்தாம் நாள் அவர் திரும்பவும் கீழ்புத்துப்பட்டுக்குப் போய்விட்டு வந்தார். டீச்சர் கதவைத் திறக்கவில்லையாம். பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கிறார். என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"அந்தப் புள்ள சோறு தின்ன மாட்டேங்குதாம்" என்றார். "கோதுமை இல்லாம எல்லாம் அரிசிதானே போட்டாங்க, அப்பவும் வலிச்சுது, அப்ப அரிசியும் எனக்கு ஆகாதுன்னு சொல்லுதாம். இட்லி வேணாங்குது, தோசை வேணாங்குது. பாலும் வாழைப்பழமும்தான். அம்மாக்காரிக்கும் பயம், போட மாட்டேங்கறாங்க. இடுப்புல பாவாடை நிக்கலையாம்."

சொல்லிக்கொண்டே வந்தவர் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதற்குமேல் என்னால் முடியவில்லை. மில், மிளகாய், இரண்டு கை கோதுமை, டப்பாவில் கொட்டிய கழுவுற அரிசி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார்.

"ரெண்டு கையா?"

"ஆமாக்கா."

"உன் கையா, மில்லுக்காரர் கையா?"

"அவர் கை."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொடவைய மாத்திக்கினு வா" என்றார்.

"டீச்சர் என்னைக் கொன்னுடுவாங்கக்கா. நீங்க போய்ச் சொல்லிடுங்க, உங்க பேராவது..."

"என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது. அரிசி பேரு கெட்டுப் போச்சே. அது இல்லாம அந்தப் புள்ள இன்னாத்தத் தின்னு வளரும்?" என்றார். "நான் சொன்னா நம்பாதுங்க. போட்டவ வந்து சொல்லணும்."

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு சொல்ல மனசு வராது. அதன் பிறகும் நாங்கள் மூன்று வருடம் சேர்ந்து வேலை செய்தோம். என்னை அவர் விலக்கவில்லை, குத்திக் காட்டவில்லை, என் மகளுக்குக் காதுகுத்தியபோது இரண்டு நாள் வந்திருந்து சமைத்துப் போட்டார். ஆனால் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. மற்றவர்களைக் கேட்பார். நான் செய்து வைத்ததை மட்டும் தானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருவார். நான் பார்க்காத நேரத்தில்தான் போவார்.

கீழ்புத்துப்பட்டில் டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்கா கதவை விடாமல் தட்டினார். திறந்ததும், "தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர். புள்ளகிட்ட சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறோம்" என்றார்.

தர்ஷினி சோபாவில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அக்கா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். நான் தரையில் உட்கார்ந்தேன். எத்தனையோ பார்ட்டிகளை வாயாலேயே சமாளித்தவள், ஒரு குழந்தையிடம் வார்த்தை வராமல் திக்கினேன்.

"தர்ஷினி, அரிசி உனக்கு ஒண்ணும் பண்ணல. அன்னைக்கு மாவுல கோதுமை கலந்துடுச்சு. மில்லுல கலந்துச்சு. நான் பாத்தேன். பாத்தும் சொல்லல. இந்த ஆன்ட்டி கேட்டாங்க, அவங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு என் தலைக்குமேல் அக்காவைப் பார்த்தாள்.

"நிஜமாவாங்க?"

"நிஜந்தான் கண்ணு. நான் வாயால கேட்டதோட நிறுத்திட்டேன், போய்ப் பாக்கல. அது என் தப்பு."

"அப்ப வலிச்சது கோதுமைதானா?"

"கோதுமைதான்" என்றேன்.

"அரிசி இல்லையா?"

"அரிசி இல்லம்மா. சத்தியமா அரிசி இல்ல."

அதற்குள் டீச்சர் ஆரம்பித்துவிட்டார். எழுத முடியாத வார்த்தைகள். டீச்சருக்கு இதெல்லாம் தெரியுமா என்று நினைக்கும் அளவுக்குத் திட்டினார். நீயெல்லாம் ஒரு பொம்பளையா, உன் புள்ளையா இருந்தா போடுவியா, போலீசுல சொல்றேன் பாரு என்று மூச்சு விடாமல் பொரிந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை. ஒவ்வொன்றும் எனக்குச் சேர வேண்டியதுதான். அக்காவும் தடுக்கவில்லை, சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா" என்றாள் தர்ஷினி.

டீச்சருக்குக் காதில் விழவில்லை.

"அம்மா, பசிக்குதும்மா. சோறு போடேன்."

டீச்சர் பாதி வார்த்தையில் நின்றார். மகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். என்னைத் திட்டுவதற்கு நீட்டிய கை அப்படியே நீண்டிருந்தது. பிறகு அடுப்படிக்கு ஓடினார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

சுடச்சுடச் சோறு, நெய், ஒரு சிட்டிகை உப்பு. டீச்சர் பிசைந்து உருட்டி முதல் கவளத்தை நீட்டினார். தர்ஷினி அந்தக் கையை விலக்கினாள். தட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு தானே அள்ளித் தின்றாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு காலியானதும் நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள்.